கட்டிலுக்கு ஒரு பாவாடை

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். நான் எழுதுவதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகளைத் திற்பரப்புப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். எங்கள் முற்றத்து அயனி மரத்தை அறுத்துச் செய்த கட்டில் கல்யாணத்துக்கு முன்பே அங்கே போய்விட்டது. உயரமான கட்டில். நான் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது.

கல்யாணம் கழிந்து, பெண் வீட்டார் பாத்திரங்களோடு போகும் அடுக்களை காணலின்போதுதான் அவள் அறைக்குள் முதலில் நுழைந்தேன். மெத்தைக்கு அடியிலிருந்து தரைவரை, கட்டிலைச் சுற்றி ரோஸ் நிறத்தில் சுருக்கு வைத்த துணி. ஒரு கால்கூட வெளியே தெரியவில்லை.

“மோன் துபாயில இருந்து கொண்டு வந்ததாக்கும் மைனி. கட்டிலுக்குப் பாவாட!” என்றார் சம்பந்தி அம்மாள்.

சிரித்தபடி உட்கார்ந்தேன். என் பாதம் தரையில் பதிந்தது.

இது எங்கள் கட்டில் இல்லை. சம்பந்தியின் மூத்த மகன் புது வீடு கட்டியிருப்பது தெரியும். அங்கே போயிருக்குமோ? கொண்டுபோனதையே பறிகொடுத்துவிட்டு வாய் திறக்காமல் நிற்கிறாள் என்றால், இந்த வீட்டில் என் மகளுக்கு என்ன மதிப்பு?

“கட்டிலு தாந்தாப்பில இருக்கே மைனி?”

“மெத்த அமுங்கியிருக்கும். வாங்க, சோறு ஆறுது.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளும் பார்க்கவில்லை. எல்லோரும் போனபின் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து துணியைத் தூக்கினேன்.

ஆசாரி வேண்டாமென்று சொல்லியும் நான் விடச்சொன்ன கணு அந்தக் காலில் இருந்தது. ஆனால் கணுவுக்குக் கீழே மரமே இல்லை. வெட்டு புதிதாக இருந்தது.

“களவு பிடிக்கியாம்மா?” பின்னால் மகள்.

“கால எவன் மக்கா அறுத்தான்?”

“நானாக்கும் அறுக்கச் சொன்னது. துபாயில உள்ள கட்டிலெல்லாம் குட்டையாம். இதுல போட்டப்ப சின்னப் புள்ள பாவாட மாதி ஒரு சாண் மேல நின்னுது.”

“அடியில துணி வச்சு தைக்கப்படாதா?”

“ஒட்டுப் போட்டா பாக்க நல்லாவா இருக்கும்? அத்தை வேண்டாம்னுதான் சொன்னாவ. நீ சண்டைக்கு நிப்பேன்னு பயந்து கெடக்காவ.”

மாமியார் வீட்டைக் காப்பாற்ற இப்படிச் சொல்கிறாளோ என்று சாப்பிடும்போதும் மகள், சம்பந்தி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மறுநாள் மகள் பஸ்ஸில் வந்தாள். கட்டில் காலில் அறுத்த நான்கு துண்டுகளையும் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். “நானே எடுத்து வச்சிருந்ததாக்கும், இப்பமாவது நம்பு” என்றாள். மீன்கறி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்குப் போனாள்.