வெளிச்சத்தில் எழுதிய ‘அ’

புரொஜெக்டர் சூடேறும்போது ஒரு மணம் வரும். தூசி கருகுகிற மணம். மாஸ்டர் படிப்பின் முதல் வருடம் முழுக்க என் ஜாக்கெட்டில் அந்த மணம்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில், ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்த அப்பாவின் உடுப்பில் கொத்தமல்லி மணம். அம்மா இரண்டையும் ஒன்றாகத் தோய்க்க மாட்டார்...

என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் கம்ப்யூட்டர், கொஞ்சம் நாடகம், கொஞ்சம் சினிமா, கொஞ்சம் ஒலி. காலையில் புரோகிராம் எழுதுவோம். மத்தியானம் தரையில் உருண்டு நடிக்கப் பழகுவோம்.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா “என்ரை பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கிறாள்” என்று சொல்லிவைத்திருந்தார். ஒருநாள் நான் தரையில் உருளும் வீடியோவை அவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு கேட்டார்.

“இதைப் படிச்சு முடிச்சால் உன்னை என்னெண்டு கூப்பிடுவினம், பிள்ளை?”

எனக்கும் தெரியாது. டொக்டர், எஞ்சினியர் மாதிரி இதற்கு ஒரு பெயர் இல்லையே.

அந்த நேரம் பார்த்து எபினேயில் இருக்கும் பெரியப்பா எனக்கு ஒரு கம்பெனியில் வேலை பார்த்து வைத்துவிட்டார். நிரந்தர வேலை. படிப்பை நிறுத்திவிட்டுச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். சனிக்கிழமை எங்கள் வகுப்பின் இரண்டு நாள் கண்காட்சி தொடங்க இருந்தது. அதை வந்து பாருங்கள், பிறகும் இந்தப் படிப்பு வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வீறாப்பாகத்தான் சொன்னேன்.

கண்காட்சி நடந்தது அப்பாவின் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய களஞ்சியத்தில். என்னோடு சேர்ந்து செய்தவள் லூசி. நாடகம் படித்துவிட்டு வந்தவள். அவளுக்கு வயரைக் கண்டால் பயம், எனக்கு மேடையைக் கண்டால். நல்ல பொருத்தம்.

நாங்கள் செய்தது இதுதான். தரை முழுக்கத் தமிழ் எழுத்துகள், வெளிச்சத்தில். மேலே ஒரு கமரா. நீங்கள் ஓர் எழுத்தில் கால் வைத்தால் அது பெரிதாக விரியும், அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு குரல் கேட்கும். குரல்களெல்லாம் லா சப்பல் தெருவில் பதிவுசெய்தவை. கறிவேப்பிலை கேட்கிறவர், பிள்ளையைக் கூப்பிடுகிறவர், போனில் சண்டை பிடிக்கிறவர்...

காலையிலிருந்து சனம். பிரெஞ்சுப் பிள்ளைகள் ‘க’விலிருந்து ‘ம’வுக்குப் பாய்ந்து விளையாடின. எங்கள் பேராசிரியை கூடச் சப்பாத்துக் குதியால் ஒரு ‘ழ’வை மிதித்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் அப்பா வந்தார். கடை ஏப்ரனோடு. வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். எழுத்துகள் தொடங்கும் இடம் வரை வந்து... நின்றுவிட்டார்.

“வாங்கோ அப்பா, மேலை நடவுங்கோ.”

“எழுத்தை மிதிக்கிறதோ?”

“அது வெறும் வெளிச்சம் அப்பா.”

“வெளிச்சமெண்டாலும் அது ‘அ’ தானே, பிள்ளை.”

எனக்குக் காது சுட்டது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவள் நான். மாதக்கணக்காகச் செய்த வேலையில் அது ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. அந்தத் தெருவின் குரல்களை வைத்துச் செய்ததை, அந்தத் தெருக்காரர் ஒருவராலும் உள்ளே வர முடியாதபடி செய்திருந்தேன். எல்லாம் முடிந்தது, பெரியப்பாவின் கம்பெனிதான் என்று நினைத்தேன்.

அப்பா போகவில்லை. குந்தி இருந்தார். கையை நீட்டி அந்த ‘அ’வை மெல்லத் தொட்டார். கமராவுக்குக் கால் என்ன, கை என்ன. எழுத்து விரிந்தது.

“அண்ணை, முருங்கைக்காய் வந்திட்டுதோ?”

அப்பா சுற்றிப் பார்த்தார். “இது எங்கடை கடையெல்லே...”

விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அடுத்த எழுத்து. பிறகு அடுத்தது. சனம் பாய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஏன் இப்படிச் செய்கிறார் என்று லூசி கேட்டாள், சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. இதை மேசைக்கு ஏற்றுவோம் என்றாள்.

அப்பா ஓடிப்போய்க் கடையிலிருந்து மடக்கு மேசைகள் கொண்டுவந்தார். வெள்ளைத் துணி விரித்தோம். லூசி ஏணியில் நின்று புரொஜெக்டரைத் திருப்ப, அப்பா கீழே நின்று “இன்னும் கொஞ்சம் இஞ்சாலை, இஞ்சாலை” என்று தமிழில் சொன்னார். அவளுக்கு அது எப்படி விளங்கியதோ தெரியாது, சரியாகத் திருப்பினாள். அதற்குப் பிறகு கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் குரலைத் தேடித் தேடித் தொட்டார்கள்.

பின்னேரம் வீட்டுக்கு, பொண்டிக்குப் போகும் ரயிலில் அப்பா பெரியப்பாவுக்குப் போன் எடுத்தார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அண்ணை, அந்த வேலை பிள்ளைக்கு வேண்டாம். அவள் படிக்கட்டும்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “என்ன படிப்பெண்டு எனக்குச் சொல்ல வருதில்லை அண்ணை. நாளைக்கும் இருக்கு, நீங்கள் வந்து ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ.”

அழுகையை அடக்க முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் அப்படித்தான்.

இப்போது அருங்காட்சியகங்களுக்கு இந்த மாதிரி அறைகள் செய்வதுதான் என் தொழில். கமரா நகத்தளவு. நாங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது இப்போது ஒரு பின்னேர வேலை. லூசி மார்செய்க்குப் போய்விட்டாள், எப்போதாவது பேசுவோம். இப்போது மேசையோடு ஏணியோடு யாரும் ஓடுவதில்லை. அதுதான் கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் மடியாது. நான் செய்யும் எந்த அறையிலும், கையை நீட்டினால் வெளிச்சத்தைத் தொடுகிற தூரத்தில் ஒரு கதிரை போட்டிருக்கும். வரைபடத்தைப் பார்த்து, இந்தக் கதிரை எதற்கு என்று அருங்காட்சியகக்காரர்கள் கேட்பார்கள்.

அப்பா வருவார் என்பேன்.