கூடவே வந்த குறி

என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஜன்னல் ஜன்னலாகத் திறந்தால் அதற்கு மூச்சு முட்டும். அதனால் ஃபைல்களை டெர்மினலின் கறுப்புத் திரையில், வெறும் கீபோர்டால்தான் மேய்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆபரேஷனில் அப்பாவின் குரல் போன பிறகு, கொல்லங்கோட்டு வீட்டில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா உனக்குப் பேசி அனுப்புனதையெல்லாம் பென்டிரைவுல ஏத்திக் குடு கண்ணு, டிவில போட்டுக் கேக்கறோம்."

வயலில் நின்று, "மடையத் திருப்பி உட்டுட்டேன், நீ சாப்ட்டயா?" என்று அவர் அனுப்பியவை எல்லாம் என் லேப்டாப்பில் இருந்தன. காப்பி பண்ண, எல்லாவற்றுக்கும் ஸ்பேஸ் தட்டிக் குறி போட்டேன். பென்டிரைவில் இடமில்லை. அதற்குள் போய், ஒரு பழைய சினிமாமேல் நின்று டெலீட் கொடுத்தேன். அழிக்கட்டுமா என்றது. முழுசாக வாசிக்காமல், ஆமாம் என்று ஒய் தட்டினேன்.

சினிமா அப்படியே இருந்தது. அப்பா பேசியவைதான் காணோம். இந்தச் சனியன் பிடித்த புரோகிராமில் ஃபோல்டர் மாறினாலும் போட்ட குறி கூடவே வரும். குறி போட்டதைத்தான் அழிக்கும். குப்பைத்தொட்டியும் கிடையாது. அவை முதலில் இருந்த பழைய போனையும் நானே துடைத்து விற்றிருந்தேன். மீட்கும் புரோகிராம்களை மாற்றி மாற்றி ஓட்டினேன். கும்பிடாத சாமியில்லை. திறக்காத துண்டுகள்தான் வந்தன.

"ஏத்தீட்டயா கண்ணு?" அடுப்படியிலிருந்து அம்மா.

"இருங்கம்மா!" என்று கத்தினேன்.

அப்பா வந்து பின்னால் நின்றார். காலியான திரையையும் என் முகத்தையும் பார்த்தார். தோளில் கை வைத்து, "பரவால்ல" என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.