பெட்டி வந்தது, புத்தகம் வரவில்லை

யாரும் நுழைய முடியாத அறைக்குள் இருக்கும் புத்தகம் எப்படித் தொலையும்? செகந்திராபாத் லோத்குண்டாவில் எங்கள் மாடியில் குடியிருந்த கல்பகம் அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் அப்போது தெரியாது.

2009இல் அவர் வேலை பார்த்த பொறியியல் கல்லூரி நூலகத்தில் அலமாரிகளை எடுத்துவிட்டு இயந்திரக் கிடங்கு வைத்தார்கள். கூரை வரை தகரப் பெட்டிகள், உள்ளே ஆள் நுழைய முடியாது. கணினியில் புத்தகத்தின் பெயரைத் தட்டினால், இயந்திரக் கை அது இருக்கும் பெட்டியை உருவி ஜன்னலுக்குக் கொண்டுவரும். திரும்ப வைக்கும்போது எந்தப் பெட்டியிலும் போடலாம். பார்கோடைக் காட்டி, எந்தப் பெட்டி என்று கணினிக்குத் தெரிவித்தால் போதும்.

சில மாதங்களில் சிக்கல் தொடங்கியது. பெட்டி வரும், கேட்ட புத்தகம் அதில் இருக்காது. இயந்திரத்தை நிறுவிய கோயம்புத்தூர்ப் பையன் ஸ்ரீகாந்த், எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றிப் பூட்டினான். கோளாறு அகப்படவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவதாக நூலகர் ரகுநாதன் சொல்லிவிட்டார். அத்தோடு ஸ்ரீகாந்தின் வேலையும் போகும்.

வியாழக்கிழமை ஜன்னலில் இரண்டு பெட்டிகள் நின்றன. கல்பகம் ஒன்றிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து மற்றதில் செருகினார்.

"என்னங்க்கா பண்றீங்க?" என்றான் பக்கத்தில் நின்ற ஸ்ரீகாந்த்.

"பாலம் கட்டுற புத்தகத்துல முதல் பாகம் அங்க இருக்கு, ரெண்டாவது இங்க கெடக்கு. சேர்த்து வைக்கிறேன்."

"எப்பவும் இப்படித்தானுங்களா?"

"ரெண்டு பெட்டி ஒண்ணா வந்தா செய்வேன். அலமாரிக் காலத்துப் பழக்கம்."

ஸ்ரீகாந்த் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். "கம்ப்யூட்டருக்கு நீங்க சொல்லலையேக்கா. அது பழைய பெட்டியத்தான கொண்டாரும்?"

கல்பகத்துக்கு உறைத்தது. அவருடையதோ வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேனுங்க்கா. பெல்ட் மாத்துனேன், சரியாயிருச்சுன்னு சொல்லிக்கறேன்."

"நக்கோ, வேணாம்ப்பா. நாளைக்கு இன்னொண்ணு காணலன்னா உன்னத்தான கேப்பாங்க," என்று சொல்லிவிட்டு நூலகரின் அறைக்குப் போனார்.

ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பெட்டியிலயும் போடலாம்னு சொன்னோமே. அப்புறம் கைக்கு, எதுக்கு இந்த வேலை?"

"சேர்த்து வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ஹவ், ஆமா, சொல்லல," என்றார்.

எல்லாப் பெட்டிகளையும் வரவழைத்து, ஒவ்வொரு புத்தகமாகப் பார்கோடு காட்டும் வேலை கல்பகத்தின் தலையில் விழுந்தது. ஸ்ரீகாந்த் உடன் நின்றான். இயந்திரம் திரும்பிப் போகவில்லை. இருவர் வேலையும் போகவில்லை. பாகங்கள் பிரிந்து கிடப்பதைப் பார்த்தால் இப்போதும் கை பரபரக்கிறது என்பார் அக்கா.

உங்கள் அலுவலகத்திலும் யாரும் கேட்காமலே அடுக்கி வைப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். புது இயந்திரம் வாங்குகிறவரிடம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.