லிஃப்டுக்குள் இருந்த பொதுமக்கள்

அதிபர் மாளிகையின் எல்லா அறைகளிலும் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. வைத்தது எதிரிகள் அல்ல, அதிபரேதான். மந்திரிகள் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. எதை எங்கே வைத்தோம் என்பது பிறகு வைத்தவர்களுக்கே மறந்துபோயிற்று. அதிபருக்கு ரகசியம் பேச மிச்சமிருந்த ஒரே இடம், மடக்குக் கதவு போட்ட பழைய லிஃப்ட்.

அந்த லிஃப்டை ஓட்டியவர்தான் நம் கதாநாயகர். மனைவி இல்லை, ஒரே மகள், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிபரோடு வரும் ஆலோசகர் "நிறுத்துய்யா" என்றதும் இவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். நாட்டின் சரித்திரத்தில் பாதி இவர் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது. இவருக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் ஏதோ வாய்விட்டுவிட்டாராம். அவருடைய குடும்பம் அவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

பேச்சு முடிந்ததும் அதிபர் தவறாமல் கேட்பார்: "பெரியவரே, ஜனங்க என்ன சொல்றாங்க?"

"சந்தோஷமா இருக்காங்க ஐயா" என்று இவர் சுவரிடம் சொல்வார்.

அத்தோடு மக்கள் கருத்து அறியப்பட்டுவிடும். வேறு பொதுமக்கள் யாரும் மாளிகைக்குள் வர முடியாது என்பதால் அந்தப் பொறுப்பையும் இவரே கூடுதலாகக் கவனித்துவந்தார்.

தேர்தல் வருடம் வந்தது. ஒரு மத்தியானம் லிஃப்ட் நின்றது.

"ஆத்துப் பாலத்துல நடுத்தூண் விரிசல் விட்டுப்போச்சாம் ஐயா. உடனே மூடணும்னு இஞ்சினியர் ஒத்தக்கால்ல நிக்கறாரு" என்றார் ஆலோசகர்.

"மூடிட்டா?"

"ஜனங்க ஊரைச் சுத்தி வரணும். வர்ற வழியெல்லாம் நம்மளத்தான் திட்டுவாங்க. திட்டிக்கிட்டே போய் ஓட்டுப் போடுவாங்க."

"மூடலைன்னா?"

"விழலாம். விழாமலும் இருக்கலாம். தேர்தல் வரைக்கும் தாங்கிட்டா, அப்புறம் ஆற அமர மூடிக்கலாம்."

"நடுவுல விழுந்து தொலைச்சா?"

"கட்டினது போன ஆட்சி ஐயா. நீங்க நேர்ல போய்க் கண்கலங்கினா போதும். அனுதாபம் நம்ம பக்கம்."

அதிபர் இளகிய மனசுக்காரர். பெருமூச்சு விட்டார். "மனசு ஒப்பலையே."

"மனசை விடுங்க. ஜனங்களைக் கேட்டுருவோம்."

"பெரியவரே, பாலத்தை மூடினா ஜனங்க என்ன சொல்வாங்க?"

மகள் தினமும் அந்தப் பாலத்தின் மேல்தான் பஸ்ஸில் போகிறாள். அது அவர் மூளைக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடங்களாக வாய் மூளையைக் கேட்டுப் பேசியதில்லை. "கஷ்டப்படுவாங்க ஐயா. திறந்தே இருக்கட்டும்" என்றது வாய்.

"பாத்தீங்களா" என்றார் ஆலோசகர்.

அன்று சாயங்காலம் மகளிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தார். "கொஞ்ச நாள் லீவு போடேம்மா."

"எதுக்கு? என் வார்டை நீங்க வந்து பாத்துப்பீங்களா?"

பாலம் ஆடுகிறது என்று எதிர்க்கட்சி கூட்டம் போட்டது. அதிபர் டிவியில் தோன்றினார். "ஒரு எளிய குடிமகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாலத்தை மூடாதீர்கள் என்று கெஞ்சினார். மக்கள் குரலே என் குரல்" என்றார்.

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "யாருப்பா அந்தப் புண்ணியவான்? கையில கிடைச்சா ஒரு ஊசி போட்டு விடுவேன்."

அப்பா தண்ணீர் குடித்தார். "நிஜமாவே ஆடுதாம்மா?"

"போறவங்களுக்குத் தெரியாதா? நடுத்தூண் வந்ததும் பஸ்ல எல்லாரும் பேச்சை நிறுத்திடுவோம். தாண்டினதும் விட்ட இடத்துலேர்ந்து பேசுவோம்."

மறுநாள் லிஃப்ட் நின்றது. ஏதோ பேசினார்கள். எப்போதும்போல அதிபர் கேட்டார்: "ஜனங்க என்ன சொல்றாங்க பெரியவரே?"

அவர் சுவரைவிட்டுத் திரும்பினார். தலையில் இத்தனை வழுக்கையா என்று அதிபரை அன்றுதான் முழுசாகப் பார்த்தார்.

"பயப்படறாங்க ஐயா. பாலத்தை மூடிடுங்க. என் பொண்ணு அதுல போறா."

லிஃப்ட் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிபருக்கு முகம் வாடிவிட்டது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க?"

"ஒரே ஒரு ஆள் சொல்றதை வச்சு மக்கள் கருத்துன்னு முடிவு பண்ண முடியாது ஐயா" என்றார் ஆலோசகர்.

தேர்தல் வருடம் என்பதால் ஆளைக் காணாமல் போக்கவில்லை. கைகுலுக்கி, போட்டோ எடுத்து, ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். வாசல்வரை கூடவே வந்த ஆலோசகர் அன்பாகத்தான் விசாரித்தார். "பொண்ணு அக்கரை ஆஸ்பத்திரியிலதானே? நல்ல பொண்ணுன்னு கேள்வி. நீங்க வெளியில எதுவும் பேசி அதுக்குத் தொந்தரவு வந்துடக் கூடாது, பாருங்க."

புதிய லிஃப்ட்காரர் வந்தார். ஜனங்கள் மறுபடியும் சந்தோஷமானார்கள்.

இப்போது இவர் தினமும் மகளோடு பஸ்ஸில் போகிறார். அவள் வேலை முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்து, அவளோடு திரும்புகிறார்.

"வீட்ல இருக்க மாட்டீங்களாப்பா? எதுக்கு இப்படி வால் மாதிரி வரீங்க?"

"சும்மா இருந்து பழக்கமில்லை."

கதவோரமாகத்தான் நிற்பார். நடுத்தூண் நெருங்கியதும் பஸ்ஸில் பேச்சு அடங்கும். மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். இவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் மகளின் தோளையும் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தே நிற்பார்.

தேர்தலைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.