தொழிற்பயிற்சியில் ஏழு பேர்

நான் அறிவியல் படித்தவன். பொய்யைக்கூட அட்டவணை போட்டுத்தான் எழுதுவேன்.

தொண்ணூறுகளில், திருப்பூர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறைத் தலைவனாக இருந்தேன். பல்கலைக்கழக ஆய்வுக்குழு வந்தபோது மூன்றாமாண்டின் பத்துப் பேரில் ஏழு பேர் படிப்பை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். ஆளில்லாவிட்டால் துறையை மூடிவிடுவார்கள். எனவே, அந்த ஏழு பேரும் ‘தொழிற்பயிற்சியில்’ இருப்பதாக அறிக்கையில் எழுதினேன்.

“அருமை! ஒருத்தரைப் பார்க்கலாமா?” என்றார் குழுத் தலைவர்.

பனியன் கம்பெனி இருந்த நெருப்பெரிச்சல் என்ற ஊருக்குப் போய்ச் சேரும்வரை, நாத்திகனான நான் எல்லா மதத்துச் சாமிகளையும் கும்பிட்டேன். அங்கே, வகுப்பில் முதலிடம் வாங்கிய செல்வி பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா உன்னை அனுப்பினது?” என்றார் குழுத் தலைவர்.

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். “எங்க சார்தானுங்க. டிரெய்னிங்குங்க.”

குழுவினர் காருக்கு நடந்தார்கள். நன்றி சொல்லத் தயங்கி நின்றேன்.

“திரும்பக் கூப்பிட வந்தீங்களோன்னு நெனச்சுட்டனுங்க சார். நீங்க ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னா அப்பா படிக்க உட்ருவாருங்க.”

“வர்றேன் கண்ணு” என்றேன்.

துறை பிழைத்தது. தொழில்துறைத் தொடர்புக்காகப் பாராட்டும் வந்தது. செல்வியின் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. அவள் வகுப்புக்குத் திரும்பி யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். எனக்காகப் பொய் சொன்னவளைப் பார்த்துத்தான் அந்தப் பயம்.