வழிமொழிந்தவர் தவரத்தினம்

புலம்பெயர்ந்து வந்த இடத்தில் நாங்கள் நடத்தும் ஊர்ச்சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினால் தவரத்தினம் அண்ணையின் பெயர் நாற்பது இடத்திலாவது வரும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான்: வழிமொழிந்தவர், தவரத்தினம். தீர்மானத்தை முன்மொழிய எங்கள் ஆட்கள் நான் முந்தி, நீ முந்தி என்று அடிபடுவார்கள். வழிமொழிய ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆட்கள் இருக்கக் கதிரைகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் இருக்கும் இந்த மனிசன்தான் எழும்பி ஒரு சொல் சொல்லிவிட்டு இருந்துவிடுவார்.

புறநகரான பியர்ஃபித்திலிருந்து ரெயின் எடுத்து, தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வந்து, ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வெங்காயம் வெட்டுகிற வேலை அவருக்கு. கலியாணம் கட்டவில்லை. ஊரில் மிஞ்சிய ஒரே சொந்தம் அக்கா கோசலை. அகதி அட்டையோடு அங்கே போகமுடியாது. ஞாயிறு தோறும் போனில் கதைப்பார்.

2011இல் ஊரில் பன்னிரண்டு கட்டிலோடு தரும ஆஸ்பத்திரி ஒன்று தொடங்கினோம். விதிகளை எழுதியவர் தலைவர் பத்திநாதர், பழைய சரித்திர வாத்தியார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தரும ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் அல்ல, சந்தாக்காரர்களே நடத்தினார்கள் என்று விளங்கப்படுத்தினார். வருடச் சந்தா கட்டுகிறவர் நிர்வாகத்தில் ஒருவர். அவருடைய கடிதத்தோடு வந்தால்தான் நோயாளிக்குக் கட்டில். சுகம் வராது என்று தெரிந்தவர்களைப் பல ஆஸ்பத்திரிகள் சேர்ப்பதேயில்லை. சுகப்பட்டவர் தொகையைக் காட்டினால்தானே அடுத்த வருடமும் சந்தா வரும்.

நாங்களும் அப்படியே எழுதினோம். எட்டாம் விதி: சுகப்படுத்த முடியாதவர்களுக்குக் கட்டில் இல்லை. முன்மொழிந்தவர் பத்திநாதர். வழிமொழிந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

2014 மாசியில் கோசலை அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் புரட்டிப் படுக்கவைக்கவோ, நோவுக்கு ஊசி போடவோ ஆளில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது நாலு கட்டில் வெறுமையாகக் கிடந்தது. சந்தா ஒருநாளும் தவறாத தவரத்தினம் அண்ணை கடிதம் கொடுத்தார். எட்டாம் விதியைச் சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

பங்குனிக் கூட்டத்தில் அவர் எழும்பியபோது, எதையோ வழிமொழியப் போகிறார் என்றே நினைத்தோம்.

"எட்டாம் விதியை நீக்கவேணும் எண்டு முன்மொழியிறன்," என்றார். "அக்கா செத்துப்போடுவா எண்டு எனக்குத் தெரியும். ஒரு கட்டிலிலை சாகட்டும் எண்டுதான் கேக்கிறன்."

பத்திநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆராவது வழிமொழியிறியளோ?"

நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். விதியை எடுத்தால் ஊரிலுள்ள சாகக்கிடக்கிற சனமெல்லாம் வந்து படுத்துவிடும், சந்தா நின்றுவிடும் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் யோசித்தோம். குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நானும் குனிந்த தலை நிமிரவில்லை. அந்தப் பாவம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எங்களில் எத்தனை பேருக்காக எழும்பி நின்ற மனிசன். "வழிமொழிய ஆளில்லை, பிரேரணை கைவிடப்பட்டது" என்று எழுதினேன்.

கூட்டம் முடிய, வழமைபோலக் கதிரைகளை அடுக்கிவிட்டுத்தான் போனார்.

சித்திரையில் கோசலை அக்கா வீட்டுத் தரையில், பாயிலே கிடந்து போய்ச் சேர்ந்தா. அடுத்த கூட்டத்தில் பத்திநாதர் அனுதாபப் பிரேரணை வாசித்தார். சங்கத்தின் நீண்டகால அங்கத்தவரின் சகோதரி மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபமாம். வாசித்து முடித்து, வழிமொழிய ஆள் தேடினார். பழக்கதோசம், எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. என்னுடைய தலையும்தான்.

அவர் மெல்ல எழும்பினார். "வழிமொழியிறன்," என்று சொல்லிவிட்டு இருந்தார்.