சிட்டுக்கு வைத்த கருப்பட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கழிந்த மறுவாரம், தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நடந்தது இது. எனக்கு டவுனில் சின்னதாக ஒரு கருப்பட்டிக் கடை. என் வீட்டுக்காரர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடத்துவார். ஆட்கள் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. குதிரையின் பெயரை மட்டும் சொல்கிறேன், அது கோபித்துக்கொள்ளாது. சிட்டு. வெள்ளைப் பெண் குதிரை, வயது இருபத்திரண்டு. குதிரைக்கு அது தள்ளாத வயது.

அந்தப் பொங்கலுக்கு முந்தின ஐப்பசியில் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன். மூன்று மாதம் குனியக்கூடாது, நிமிரக்கூடாது, படுத்தே கிடக்க வேண்டும் என்றுவிட்டார்கள். குதிரை என் தலையில் விழுந்தது. அதுவரை நான் கொட்டகைப் பக்கம் போனதெல்லாம் சண்டை போடத்தான். மனுஷன் தினமும் புல்லைப் பொடிப்பொடியாக வெட்டி, ஊறவைத்து, கையால் பிசைந்து வைப்பார். வீட்டுக்கு வருகிற மருமகனுக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது என்று நான் ஏசாத நாளில்லை. என் கைக்கு வந்ததும் அந்த வேலையை எல்லாம் நிறுத்தினேன். புல்லைக் கட்டோடு போட்டேன், கொள்ளை அப்படியே வைத்தேன். தீனியைப் பற்றி அவர் வாயெடுத்தாலே, "நீங்க பேசாமப் படுத்துக் கிடங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அடைத்துவிடுவேன்.

கார்த்திகை முடிவதற்குள் சிட்டுவின் விலா எலும்பை எண்ணலாம் என்றாகிவிட்டது. ஒரு தரகர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"யக்கா, இது இனி தேறாது. விட்டுருங்க, நான் கொண்டு போயிருதேன்."

அப்படிக் கொண்டுபோன குதிரைகள் எங்கே போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். உள்ளே படுத்திருந்தவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. "பொங்கல் கழிச்சு வந்து பாருங்க, கொழுகொழுன்னு ஆக்கிக் காட்டுதேன்" என்று அனுப்பிவைத்தேன்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளைக் குறைத்து எள்ளுப் புண்ணாக்கு வைத்தேன். அதையும் பாதிதான் தின்றது. கடைசியில் என் சொந்தச் சரக்குக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் கருப்பட்டி, சளி பிடித்தவனுக்கும் கருப்பட்டிதான். குதிரைக்கு மட்டும் ஆகாதா? பாகு காய்ச்சித் தவிட்டில் ஊற்றினேன். சிட்டு வாளியின் அடியை நக்கித் துடைத்துவிட்டது. தினம் ஒரு வட்டுக் கருப்பட்டி என்று ஆரம்பித்து, மூன்று, நான்கு என்று போனது. மேனி மினுமினுத்தது. தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பொங்கல் கழிந்த மறுவாரம் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், சிட்டு முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு இழுத்தும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. குளம்பைத் தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது.

கால்நடை டாக்டரம்மா வந்தார். என்ன தீனி வைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். கருப்பட்டி என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

"இந்த வயசுக் குதிரைக்கு இவ்வளவு இனிப்பு குடுத்தா குளம்புக்குள்ள வீக்கம் வந்துரும்மா. உள்ள எலும்பு நகர்ந்துட்டா அப்புறம் நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. வலியில்லாம ஊசி போட்டு அனுப்பத்தான் முடியும்."

பிறகு வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். கடைவாய்ப் பற்கள் ஒரு பக்கம் மழுமழுவென்று தேய்ந்திருந்தன. மறுபக்கம் அரிவாள் முனைபோல் நீட்டிக்கொண்டு கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தன. கொட்டகை மூலையில் கிடந்த புல் உருண்டைகளைக் காட்டி, அது மெல்ல முடியாமல் துப்பியது என்றார். இரண்டு மாதமாக அதைச் சிந்திய புல் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தவள் நான்.

வீட்டுக்காரரிடம் போய்ப் பல்லைப் பற்றிச் சொன்னேன்.

"ஏளா, அதுக்குப் பல்லு போயி ஒரு வருசமாச்சு. அதான் பிசைஞ்சு வச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? ஏசத்தான வருவ."

வெட்கமாக இருந்தது. அதைவிட, என் கையாலேயே அதைக் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கெடுத்தது நான், தேற்றுவதும் நான்தான் என்று முடிவு செய்தேன்.

கொட்டகையில் குளம்புக்கு மெத்தையாகக் கணுக்கால் அளவு மணல் பரப்பினேன். குளம்புக்குக் குளிர்ந்த தண்ணீர், வேளை தவறாமல் வலி மருந்து. காய்ந்த புல்லை விரல்கடை நீளத்துக்கு வெட்டி, ஊறவைத்து, புல்லில் உள்ள இனிப்பு இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வைக்க வேண்டும். உலர்ந்த குதிரைமசால் தழையைக் கூழாக ஊறவைத்து, கொஞ்சம் உப்பு, ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெய். எல்லாமே ஒரு பிடி ஒரு பிடியாகக் கூட்டி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கடையைப் பூட்டிப் பூட்டி ஓடிவருவேன். "என்னக்கா, குதிரைக்குப் பந்தி வச்சாச்சா?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

முதல் இரண்டு நாள் சிட்டு வாளியை மூக்கால் தள்ளிவிட்டது. இனிப்பு இல்லை என்று தெரிந்து என் முகத்தையே பார்த்தது. ஒரே ஒரு துண்டு கருப்பட்டி கலந்தால் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அழுகை வந்தது. கலக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நாலு வாய் தின்றது.

பதினோராம் நாள் ஒரு காலை மாற்றி வைத்தது. எலும்பு நகரவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். மாசியில் வந்து பல்லை அராவிவிட்டார். பங்குனியில் வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டும், சிட்டு தானாகவும், கொல்லையில் சேர்ந்து நடந்தார்கள். தரகர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார். சிட்டு கொழுகொழுவென்று ஆகவில்லை. ஊர்வலத்துக்கு இனி ஆகாது. ஆனால் நாலு காலிலும் நிற்கிறது, வைத்ததை மென்று தின்கிறது.

இப்போதும் கடையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் கொட்டகைக்குள் போகிறேன். எவ்வளவு கழுவினாலும் கருப்பட்டி வாசனை முழுவதும் போவதில்லை. சிட்டு என் உள்ளங்கையை முகர்ந்துவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும்போதெல்லாம், அதற்கு நான் கொடுத்ததிலேயே நல்ல தீனி அன்றைக்குக் கலக்காமல் விட்ட அந்த ஒரு துண்டுதான் என்று தோன்றுகிறது.